கடலைப் பார்த்துப் படுக்கும் நாய்

இறந்துபோன ஒருவருடைய நாயை ஜெர்மனிக்கு அனுப்ப வேண்டுமானால் முதலில் அவருடைய வாரிசின் சம்மதம் வேண்டும். இதை என் மகள் சுதாவுக்குத் தொலைபேசியில் விளக்கிச் சொல்லிக் களைத்துப் போய்த்தான் தூத்துக்குடிக்கு ரயில் ஏறினேன். விமான நிலையத்தில் விலங்குகளைப் பரிசோதித்து அனுப்பும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நாய், பூனை, பந்தயக் குதிரை, ஒரு முறை சர்க்கஸ் ஒட்டகம் என்று எல்லாவற்றுக்கும் சான்றிதழில் முத்திரை குத்தியிருக்கிறேன். ஓய்வு பெற்றபின் ஒரு நாயின் பின்னால் அலைவேன் என்று யாராவது சொல்லியிருந்தால், அதற்குரிய படிவம் எங்கே என்று கேட்டிருப்பேன்.

விஷயம் ஒரு ரீல்ஸ். ஒரு நிமிடம்கூட ஓடாது. கடற்கரை மணலில் ஒரு செவலை நாய், முன்னங்கால்மேல் முகத்தை வைத்துக் கடலைப் பார்த்துப் படுத்திருக்கிறது. பின்னணியில் வயலின். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுகின்றன: கடலுக்குப் போன எஜமான் திரும்பவே இல்லை. ராஜா மட்டும் இன்னும் காத்திருக்கிறான்.

சுதா அதைத் தினமும் பார்க்கிறாள். மியூனிக் நகரத்தில் அவள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே பனி, உள்ளே இந்த நாய். "அப்பா, அதைக் கூட்டிட்டு வந்துடலாம்பா. உங்களுக்குத்தான் ரூல்ஸ் எல்லாம் தெரியுமே" என்றாள். ரூல்ஸ் தெரியும். தோலுக்கடியில் சில்லு, வெறிநோய்த் தடுப்பூசி, இடைவெளி விட்டு ரத்தப் பரிசோதனை, அதன் பிறகு மாதக்கணக்கில் காத்திருப்பு. கடலுக்குப் போனவருக்காகக் காத்திருக்கும் நாய் விமானத்துக்கும் காத்திருக்க வேண்டியதுதான். இதைச் சொல்லி மறுத்திருக்கலாம். போன வருடம் அவள் அம்மா இறந்தபோது விமானம் கிடைத்து அவள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அதனால் மறுக்கவில்லை.

தூத்துக்குடியில் இறங்கியவுடன் வெயில் தோளில் கை போட்டுக்கொண்டது. சென்னையிலும் வெயில் உண்டு. ஆனால் அங்கே அது புகையோடும் இரைச்சலோடும் கலந்து வரும், யார்மீது கோபப்படுவது என்று தெரியாது. இங்கே தனியாக வருகிறது. காற்றில் உப்பும் கருவாடும் நிலக்கரியும் முறை வைத்து மணக்கின்றன.

நிலையத்துக்கு வெளியே ஓர் ஆட்டோக்காரர் என் பையைப் பார்த்தார், என் செருப்பைப் பார்த்தார், முடிவு செய்துவிட்டார்.

"சார், நாய்க்கா?"

"எந்த நாய்?"

"கடக்கரை நாய் சார். வெளியூர்க்காரங்க எல்லாரும் இப்ப அதுக்குத்தான வாராவ. முன்னால பனிமய மாதா கோயிலு, துறைமுகம், திருச்செந்தூர்னு போவாவ. இப்ப நாயி, பெறவுதான் மாதா. போக வர, வெயிட்டிங்கு, பிஸ்கட்டு எல்லாம் சேத்து ஒரே ரேட்டு."

"பிஸ்கட்டும் நீங்களே வாங்குவீங்களா?"

"அதுக்குப் பிடிச்ச பிராண்டு நமக்குத் தெரியும்லா சார்."

அவர் பெயர் செல்வம். அடுத்த இரண்டு நாள் என்னை விட்டு அவர் பிரியவில்லை. என் முகத்தில் இருந்த அயர்ச்சியைத் துக்கம் என்று நினைத்திருக்க வேண்டும். நாயைப் பார்க்க வருகிறவர்கள் பாதிப் பேர் அப்படித்தான் இருப்பார்களாம். "நேத்து மதுரைக்காரர் ஒருத்தர் வண்டியில ஏறுனதுலேருந்து அழுதாரு. எறங்கும்போது சில்லற மட்டும் சரியாக் கேட்டு வாங்கிட்டாரு."

அன்று சாயங்காலம் அவர் என்னிடம், "நைட் கிளப்புக்குப் போலாமா சார்?" என்று கேட்டார். என் வயதில் இதற்கெல்லாம் என்ன நடைமுறை என்று யோசித்தேன். போய்ப் பார்த்தால் பரோட்டாக் கடை. இந்த ஊரில் பரோட்டாக் கடைகளுக்கு அதுதான் பெயராம். எண்ணெயில் பொரித்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை அதன் தலையில் ஊற்றினார்கள். சென்னையில் நான் சாப்பிடுகிற பரோட்டா இதற்குத் தூரத்து உறவுகூட இல்லை. பக்கத்து மேசையில் கணவன், மனைவி, நடுவில் ஓர் இலை. கணவர் பரோட்டாவைப் படம் பிடித்து முடிக்கும்வரை மனைவி கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஆறிப் போயிருக்கும்.

என் அறைக்குத் திரும்பியதும் சுதா கூப்பிட்டாள். "பார்த்தீங்களா?"

"நாளைக்கு."

"பாவம்பா, ராத்திரியும் அங்கேயேதான் படுத்திருக்குமாம்."

எங்கள் குடியிருப்பில் தெருநாய்களுக்குச் சோறு வைக்கலாமா கூடாதா என்று வாட்ஸப் குழுவில் ஆறேழு மாதமாகச் சண்டை நடக்கிறது. வைக்கலாம் என்போர் ஒரு குழு, கூடாது என்போர் ஒரு குழு, இரண்டிலும் இருக்கும் நான். அந்த நாய்களுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தால் அவையும் ஒரு குழு ஆரம்பித்துவிடும். சுதாவிடம் இதைச் சொல்லவில்லை. தூங்கு என்றேன்.

மறுநாள் செல்வத்தின் ஆட்டோ கிளம்பவில்லை. ஏதோ ஒயர் எரிந்துவிட்டதாம். "நீங்க பஸ்ல போங்க சார், நான் சரி பண்ணிட்டுப் பின்னாலயே வாரேன்" என்றார். ஊர் வடக்கே, கீழவைப்பார் போகிற பக்கம். பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏன் என்பது படித்து முடிக்கும்போது தெரியும்.

பஸ்ஸும் பாதி வழியில் நின்றது. இரண்டு பக்கமும் உப்பளம். வெள்ளை வெள்ளையாக உப்பு குவிந்து கிடக்க, கண்ணைத் திறக்க முடியவில்லை. டிரைவர் இறங்கி டயரைப் பார்த்தார். கண்டக்டர் டிரைவரைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் இறங்கி எதையும் பார்க்க முடியாமல் நின்றோம்.

தூரத்துப் பாத்தியில் பூநாரைகள் ஒரு கூட்டமாக நின்றன. நீண்ட கால், வெளிறிய ரோஸ் நிறம், தலையைத் தண்ணீரில் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. வரப்பில் கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி, புகைப்படக்காரர், இன்னும் ஓர் ஆள். அந்த ஆள் திடீரென்று வாளியைத் தட்டிக்கொண்டு பறவைகளை நோக்கி ஓடினார். பறவைகள் மொத்தமாக எழுந்தன. அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நின்று ஜோடி கையை விரித்துச் சிரித்தது. பறவைகள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கி மேயத் தொடங்கியதும், புகைப்படக்காரர் கையசைத்தார். வாளி மறுபடி ஓடியது.

"இது என்ன வேலை?" என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"வெரட்டுத வேலை சார். காலையிலேருந்து அந்தப் பயலும் ஓடுதான், அதுகளும் ஓடுது. ரெண்டுல எது மொதல்ல விழும்னு தெரியல."

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் விரட்டுவதும் வேட்டையில் சேரும். எந்தப் பிரிவு என்றுகூட எனக்குத் தெரியும். வரப்பில் இறங்கி அரை மைல் நடந்துபோய் அதைச் சொல்லலாம். சொன்னால் என்னையும் ஒரு படம் எடுத்துப் போடுவார்கள். நிழலுக்கு நகர்ந்தேன். அது மட்டும்தான் செய்தேன்.

செல்வமே ஆட்டோவைச் சரிசெய்துகொண்டு எங்களை வந்து பிடித்துவிட்டார். பஸ் அங்கேயே நின்றது.

ஊர் சிறியது. கோயில், மாதா சிலை வைத்த கெபி, வலை காயும் மணல், முப்பது நாற்பது வீடுகள். ஆனால் கடற்கரையில் திருவிழாக் கூட்டம். ஐஸ் விற்கிறவர், கடலை விற்கிறவர், பிஸ்கட் மட்டுமே விற்கிற ஒரு பெட்டிக்கடை. நடுவில் அந்த நாய்.

படத்தில் பார்த்ததற்கு இரண்டு மடங்கு இருந்தது. பட்டினியில் வாடும் நாயைத் தேடி வந்தவன் நான். எனக்கு முன் நின்றது ஓய்வு பெற்ற தாசில்தார்போல ஒரு நாய். வயிறு தரையைத் தொட்டது. யாரோ கழுத்தில் பூமாலை போட்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்த்தேன். தொழில் பழக்கம், ஒரு விலங்கைத் தொடுவதற்கு முன் அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். நாய் கூட்டத்துக்குள் உலாத்தியது, காதைச் சொறிந்தது, ஒரு நண்டைத் துரத்த நினைத்துப் பாதியில் விட்டது. யாராவது போனைத் தூக்கியதும் வேறு நாயாகிவிடும். சட்டென்று கடல் பக்கம் திரும்பும், படுக்கும், முன்னங்கால்மேல் முகத்தை வைக்கும், ஒரு பெருமூச்சு விடும். போன் இறங்கும், பிஸ்கட் வரும், எழுந்துவிடும். அடுத்த போன் உயரும், மறுபடி படுக்கும். அரசாங்கத்தில் பயிற்சி கொடுத்த மோப்ப நாய்களிடம்கூட இவ்வளவு ஒழுங்கை நான் கண்டதில்லை.

இரண்டு பெண்கள் இந்தியில் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி சொன்னாள்: "நேற்று பார்த்த வீடியோவில் இதைவிடச் சோகமாக இருந்ததே." மற்றவள் சொன்னாள்: "சாப்பிட்டுவிட்டது போல. நாம் காலையிலேயே வந்திருக்க வேண்டும்." பிறகு அவளே கேமராவைத் தன் பக்கம் திருப்பிக் கடலைப் பார்த்துக் கண்ணீர் விட்டாள். நிஜமான கண்ணீர்தான். எப்படி வரவழைத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"இங்க நின்னு அழாதிய."

குரல் பின்னாலிருந்து வந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நின்றார். கையில் விளக்குமாறு. "அழணும்னா ரோட்டுக்குப் போய் அழுங்க. கரையில நின்னு அழாதியன்னு எத்தன தடவ சொல்ல?"

அந்தப் பெண்களுக்கு மொழி புரியவில்லை. ஒருத்தி இரக்கத்தோடு அவர் தோளைத் தொட்டாள். மற்றவள் போனை அவர் பக்கம் திருப்பினாள். அவர் விளக்குமாற்றால் முகத்தை மறைத்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

"இவங்கதான் சார்," என்றார் செல்வம். "நாய்க்கார அம்மா. ஜெசிந்தா."

பின்னாலேயே போய் வணக்கம் சொன்னேன். வாரிசிடம் பேச வேண்டிய தொனியில், மிகுந்த மரியாதையுடன், உங்கள் கணவரின் மறைவுக்கு என்று ஆரம்பித்தேன்.

"நீங்களுமா?" என்றார். "பாத்தா படிச்சவுக மாதிரி இருக்கிய. அவிய உசுரோட இருக்காவ சார்."

நான் நின்றுவிட்டேன். செல்வம் வேறு எங்கோ பார்த்தார். அவருக்குத் தெரியும். நாய்க்கா என்று கேட்டாரே தவிர, அவர் வேறெதுவும் சொல்லவில்லைதான்.

வீட்டுக்குள் உட்கார வைத்தார். தவக்காலம், ஊரே கறி சாப்பிடாமல் விரதம் இருக்கிறது. "அது மட்டும் சிக்கன் பிரியாணி திங்குது. கோயம்புத்தூர்லேருந்து ஒருத்தி பக்கெட்ல கொண்டாந்தா. சாமியாரு பாத்துட்டு, 'நாய்க்குத் தவக்காலம் இல்ல, விடும்மா'ன்னுட்டாரு." எனக்குச் சோறும் சாளை மீன் குழம்பும் போட்டார். குழம்பில் புளி தூக்கலாக இருந்தது. இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டேன்.

கணவர் பெயர் லூர்து. மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் தண்டல். அதாவது தோணியை நடத்திப் போகும் தலைவர். வெங்காயமும் சிமென்டும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். போனால் திரும்பிவர வாரக்கணக்காகும். இது எல்லா வருடமும் நடப்பதுதான்.

"மணி வீட்டுல புழுக்கம் தாங்காம கரையில ஈர மண்ணுல போய்க் கெடக்கும். மீனு பிரிக்கும்போது கழிச்சுப் போடுததைத் திங்கும். ஒருத்தன் பைக்கில வந்தான். யாரு நாயின்னு கேட்டான். தண்டல் லூர்து நாயி, அவிய மாலத்தீவு போயிருக்காவன்னு நான்தான் சொன்னேன். மாலத்தீவுன்னா யாரு அழுவா? கொன்னுட்டான்."

மணி என்பதுதான் நாயின் பெயர். ராஜா என்பது பைக்கில் வந்தவன் வைத்தது.

"மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே. கேமராவப் பாத்து, என் வீட்டுக்காரவிய சாகல, வந்துருவாவன்னு சொன்னேன். அதையும் எடுத்துப் போட்டாவ." எழுந்துபோய்த் தன் போனைக் கொண்டுவந்து காட்டினார். அதே வயலின். ஜெசிந்தாவின் முகம். கீழே எழுத்து: புருஷன் வந்துவிடுவான் என்று இன்னும் நம்பும் மனைவி. முதல் வீடியோவைவிட இதற்கு அதிகக் கூட்டமாம். கருத்துப் பகுதியில் யாரோ அவருக்கு மனநல மருத்துவர் ஒருவரைப் பரிந்துரைத்திருந்தார்கள்.

என் பணிக்காலத்தில் உயிரோடிருப்பதை நிரூபிக்க வருடந்தோறும் கருவூலத்துக்குப் போகும் ஓய்வூதியர்களைப் பார்த்திருக்கிறேன். இப்போது நானும் போகிறேன். அங்கே கட்டைவிரலை வைத்தால் ஒப்புக்கொள்வார்கள். இங்கே அதற்கும் வழியில்லை.

"சிரிப்பாத்தான் இருந்துச்சு மொதல்ல," என்றார் ஜெசிந்தா. "அவிய வரட்டும், காட்டிச் சிரிக்கலாம்னு வச்சிருந்தேன். தவக்காலம் தொடங்குத சாம்பல் புதனுக்கு முன்னாலயே வந்துருக்கணும். இஞ்சின் கோளாறுன்னு ஒரு சேதி வந்துச்சு. பெறவு ஒண்ணும் இல்ல. ஆபீசுல கேட்டா வந்துரும் வந்துரும்ங்காவ."

சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அங்கிருந்தே பேசினார்.

"ஆளு தண்ணில கெடக்கும்போது கரையில கண்ணீர் விடக் கூடாது அண்ணாச்சி. எங்க அம்மா விட்டதில்ல, என் மாமியா விட்டதில்ல. எவ்வளவு பயம் இருந்தாலும் வீட்டுக்குள்ளகூட விட மாட்டோம். நான் ஒரு சொட்டு விடல. இந்தப் பாவிய எங்கெங்கயோ இருந்து வந்து தெனமும் அவிய பேரச் சொல்லி என் கரையில அழுவுதாவ. மாலையக் கொண்டாந்து தண்ணியில விடுதாவ. மாலை, அண்ணாச்சி. கடல் அதை வாங்கிக்கிட்டு என்ன நெனைக்கும்?"

சார் என்றவர் எப்போது அண்ணாச்சிக்கு வந்தார் என்று கவனிக்கவில்லை. நான் எதற்காக வந்தேன் என்று கேட்டார். ஜெர்மனி, மகள், சான்றிதழ் எல்லாவற்றையும் சொன்னேன். முடியாது என்பார், கிளம்பிவிடலாம் என்று எதிர்பார்த்தேன்.

"கூட்டிட்டுப் போயிருங்க," என்றார். "இன்னைக்கேகூட. நாயி போனா இவுகளும் போயிருவாவ. எம்புட்டுத் தூரமோ அம்புட்டு நல்லது."

"உங்க வீட்டுக்காரர்?"

தட்டைக் கழுவி வைத்தார். பிறகு, "அவிய குட்டியில பால்புட்டி வச்சு வளத்தது. வந்து கேட்டா என்ன சொல்லுவேன்னு தெரியல. மொதல்ல வரட்டும். வந்து என்னைய ஏசட்டும்."

உரிமையாளர் உயிருடன் இருக்கும்போது மனைவியின் சம்மதம் செல்லாது என்று சொன்னேன். சட்டம் அப்படித்தான் இருக்கிறது. சட்டம் அப்படி இல்லாவிட்டாலும் அன்றைக்கு நான் அதையேதான் சொல்லியிருப்பேன்.

இரவு சுதாவிடம், நாயின் பெயர் மணி, எஜமான் உயிரோடு இருக்கிறார் என்று சொன்னேன். ஒரு நல்ல செய்தியைக் கேட்டு இவ்வளவு ஏமாந்துபோன குரலை நான் கேட்டதில்லை. "அப்போ அது யாருக்காகக் காத்திருக்குப்பா?" என்றாள். பிஸ்கட்டுக்கு என்ற பதில் வாய்வரை வந்தது. "வருகிறாரா பார்க்கலாம்" என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் லூர்துவின் தோணியைப் பற்றி விசாரிக்கப் பழைய துறைமுகம் பக்கம் போனேன். வழியில் ஒரு பேக்கரியில் மக்ரூன் வாங்கினேன். முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெள்ளையும். வாயில் போட்டால் இருந்த இடம் தெரியாமல் கரைகிறது. ஒரு பொட்டலம் பயணத்துக்கு என்று வாங்கியது அலுவலகத்து வாசலை எட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

தோணி முதலாளியின் அலுவலகம் மாடியில், மின்விசிறிக்குக் கீழே. எந்த அலுவலகத்திலும் எப்போது வரும் என்று கேட்டால் வந்துரும் என்பார்கள். வருகைத் தகவல் கொடுத்தாயிற்றா, யாரிடம் கொடுத்தீர்கள் என்று கேட்டால்தான் எழுந்து பார்ப்பார்கள். அப்படித்தான் கேட்டேன். அங்கிருந்த கணக்கர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார் எந்த டிபார்ட்மெண்டு?"

"ரிட்டயர்டு."

"எதுலேருந்துன்னாலும் உக்காருங்க," என்று சொல்லி இரண்டு மூன்று இடங்களுக்குப் போன் போட்டார். வைத்துவிட்டு, "மணப்பாடு தாண்டி நேத்தே வந்தாச்சு சார். உள்ள இடமில்லாம வெளிய நங்கூரம் போட்டு நிக்கி. மத்தியானத்துக்கு மேல உள்ள எடுத்துருவாவ. இஞ்சினு சரியில்ல, பைய வந்திருக்காவ. ஆளுக்கெல்லாம் ஒண்ணுமில்ல."

"வீட்டுக்குச் சொன்னீங்களா?"

"வந்த பெறவு சொல்லலாம்னு." முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை. வந்தபின் தெரியத்தானே போகிறது என்பது அவர் கணக்கு.

ஜெசிந்தாவுக்கு நானே போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். மெதுவாக, "நெசமாவா அண்ணாச்சி? வீடியோவுக்குச் சொல்லலியே?" என்றார். கருத்துப் பகுதியில் அவரைக் கூப்பிட்டு உங்கள் கணவர் கிடைத்துவிட்டார் என்று விளையாடியவர்களும் உண்டாம். நான் அரசாங்கத்தில் வேலை பார்த்தவன், எனக்கு விளையாடத் தெரியாது என்றேன். அதை நம்பினார்.

செல்வத்தின் ஆட்டோவில் அவரும் மணியும் வந்தார்கள். நாயை ஏன் அழைத்து வந்தார் என்று கேட்டேன். "அவியகிட்டயே கேளுங்க, குடுக்காவளான்னு. எனக்கு அந்தப் பாவம் வேண்டாம்." உப்பளத்து வளைவில் நாய் ஆட்டோவுக்குள் வாந்தி எடுத்திருந்தது. வகைவகையான பிஸ்கட்டுகள். செல்வம் சாக்கால் துடைத்துக்கொண்டே, "பிராண்டைக் கொற ஏளா, நாளைக்கு எல்லாம் ஒரே கம்பெனியா வாங்கிப் போடுவோம்" என்று நாயிடம் சொன்னார். ஏளா என்பது பெண்ணைக் கூப்பிடுவது, இது ஆண் நாய் என்று ஜெசிந்தா திருத்தினார். அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான்.

துறைமுக வாசலில் காவலாளி எங்களை நிறுத்தினார். அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போக முடியாது. நானாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். நாயைப் பார்த்து, "இது அந்த நாயில்லா?" என்றார். போனைத் தூக்கினார். மணி கடலைப் பார்த்துப் படுத்தது. எடுத்து முடித்ததும், "ஓரமா நில்லுங்க, ஆளுக வெளிய வருவாவ" என்றார்.

வாசலைத் தாண்டி, மதில் முடிந்து கடல் தெரியும் இடத்தில் இருந்த டீக்கடை நிழலில் நின்றோம். கடற்கரைச் சாலை, சுவருக்கு அப்பால் தோணிகளின் பாய்மரங்கள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தமாதிரி தெரிந்தன. ஜெசிந்தா டீ வாங்கினார், குடிக்கவில்லை. கையில் வைத்திருந்து, ஆறிப்போனதும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார். வெயில் சாயத் தொடங்கியது. லாரிகள் போயின. ஒவ்வொரு முறை வாசல் திறக்கும்போதும் அவர் சேலை முந்தானையை இறுக்கிப் பிடித்தார்.

சுதா வீடியோவில் கூப்பிட்டாள். அரை மணி நேரமாகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். "வந்தாச்சாப்பா? அது ஓடிப் போறதை எனக்குக் காட்டுங்கப்பா. அது ஒண்ணு மட்டும் பார்த்துட்டா போதும்."

வாசல் திறந்தது. தோளில் பையோடு நாலைந்து பேர் வெளியே வந்தார்கள். வெயிலில் கருத்து, தாடி வளர்ந்து, எல்லோரும் ஒரே ஆள்போல இருந்தார்கள். கடைசியாக வந்தவர் எங்கள் பக்கம் பார்த்து நின்றார்.

"ஏலே மணி."

நாயின் காது நிமிர்ந்தது. உடம்பு முழுக்க ஓர் உதறல் ஓடியது. அந்தக் கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டுப் பாய்ந்தது. நான் போனை உயர்த்தினேன்.

நாய் நின்றது. என் கையைப் பார்த்தது. பிறகு லூர்துவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கடலைப் பார்த்துப் படுத்து, முன்னங்கால்மேல் முகத்தை வைத்து, பெருமூச்சு விட்டது.

லூர்து கையை நீட்டியபடியே நின்றார். "என்னலே? நான்தாம்லே" என்றார். நாயின் வால் மட்டும் மணலில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வால் போக விரும்பியது. மற்றதெல்லாம் பிஸ்கட்டுக்காகப் படுத்திருந்தது. அவர் தன் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இத்தனை வாரம் கடலில் கிடந்தவருக்கு இதில் எதுவும் புரிய வழியில்லை.

"அண்ணாச்சி," என்றார் ஜெசிந்தா. "போன உள்ள வைங்க."

சட்டைப் பைக்குள் போட்டேன். இணைப்பைத் துண்டிக்கவில்லை, தோன்றவில்லை. நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. என் கை வெறுமையாக இருப்பதை உறுதி செய்துகொண்டது. மெல்ல எழுந்தது. லூர்துவின் காலை மோந்தது, பையை மோந்தது, மறுபடி காலை மோந்தது. அப்புறம் அது போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரர் வெளியே வந்துவிட்டார்.

"என்னளா இது, பன்னி மாரி வளத்து வச்சிருக்க?" என்றார் லூர்து, நாயின் எடை தாங்காமல் சாலையோரத்தில் உட்கார்ந்து. "நாயத் தூக்க ரெண்டு ஆளு வேணும் போல."

ஜெசிந்தா மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் இருமல் என்று நினைத்தேன்.

என் பைக்குள்ளிருந்து சுதாவின் குரல் வந்தது. "அப்பா, ஒண்ணுமே தெரியலப்பா. இருட்டா இருக்கு."

"கையெழுத்துப் போட ஆள் வந்தாச்சும்மா. போட மாட்டார். சட்டப்படி இனி ஒண்ணும் பண்ண முடியாது."

"சரிப்பா." சற்றுப் பொறுத்து, "யாரோ அழற சத்தம் கேக்குதே. மணியா?"

"இல்ல. அந்த அம்மா."

"ஐயோ, ஏம்பா? யாராவது போயிட்டாங்களா?"

"இல்லம்மா," என்றேன். "ஆள் கரைக்கு வந்துட்டார்."